மலையில் கேமிங் சிஸ்டம்: பட்டியலை எஸ்.எம்.பி.எஸ்.ஸில் தொடங்குங்கள்

குன்னூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் கல்லூரி மாணவர்களும் வீடியோ பார்த்து எழுதிய பார்ட்ஸ் பட்டியலோடு வருவார்கள். அதை நான் கீழிருந்து மேலாகத்தான் படிப்பேன். மேலே பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மாடல் எண்ணோடு சரியாக இருக்கும். கடைசி வரியில் மட்டும் 'எஸ்.எம்.பி.எஸ். 450 வாட்ஸ்' என்று கம்பெனி பெயர்கூட இல்லாமல் இருக்கும். எஸ்.எம்.பி.எஸ். என்பது வீட்டுக் கரண்டை மாற்றி எல்லாப் பார்ட்ஸுக்கும் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி. மிச்சப் பணத்துக்கு எது கிடைக்கிறதோ அது என்று அர்த்தம். நீலகிரியில் சிஸ்டம் போடுகிறவர்கள் அந்தக் கடைசி வரியை முதல் வரியாக எழுத வேண்டும்.

அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் சமவெளி வெயிலை நினைத்துப் போட்டவை. அதனால்தான் லிக்விட் கூலர், ஆறு ஃபேன், கண்ணாடி கேபினட் என்று பணம் போகிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரல், மே மாதத்திலும் பகல் வெப்பம் பெரும்பாலும் 25 டிகிரியைத் தாண்டாது. உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆகவே ஃபேன் கொண்டுபோகும் சூடும் கொஞ்சம் குறையும். ஆனால் இங்குள்ள குளிர் அதைச் சரிக்கட்டி மேலும் மிச்சம் வைக்கும். ரைசன் 5 5600 பிராசசருக்குப் பெட்டியிலேயே வரும் கூலர் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வீடுகளுக்குப் போதும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு ஃபேன் உள்ள சாதாரண கேபினட் போதும். கூடலூர் பக்கம் உயரம் குறைவு, வெயில் அதிகம். அங்கே இன்னொரு ஃபேன் சேர்த்துக்கொள்ளலாம்.

கூலரில் மிச்சமான பணம் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குப் போகட்டும். பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் வாட்ஸை நம்பாதீர்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் +12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்கினால் வருவதுதான் கேமுக்கு உதவும் உண்மையான வாட்ஸ். 16 ஆம்பியர் என்றால் 192 வாட்ஸ், அவ்வளவுதான். ஆர்.எக்ஸ். 6600 கிராபிக்ஸ் கார்டு ஒன்றே 132 வாட்ஸ் இழுக்கும். ரைசன் 5 5600 முழு வேகத்தில் ஓடும்போது 76 வாட்ஸ் வரை போகும். இரண்டையும் கூட்டினாலே 208 ஆகிவிட்டது! வெளியே 450 என்று எழுதியிருந்தும், கேமில் சண்டைக் காட்சி வந்ததும் சிஸ்டம் சட்டென்று அணைந்துபோவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அணைந்தால்கூடப் பரவாயில்லை. பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாத எஸ்.எம்.பி.எஸ். புகையும்போது சில நேரம் மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. அந்த நிலையில் ஒரு கேபினட்டைத் திறந்து பார்த்து, அதை வாங்கிக் கொடுத்த அப்பாவிடம் செலவைச் சொல்வது எனக்கு இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது.

அடுத்து, எஸ்.எம்.பி.எஸ். எந்த வோல்டேஜிலிருந்து எந்த வோல்டேஜ் வரை தாங்கும் என்று அதே லேபிளில் இருக்கும். ஆக்டிவ் பி.எஃப்.சி. (கரண்டை இழுக்கும் விதத்தைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ள நல்ல எஸ்.எம்.பி.எஸ்.களில் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருப்பார்கள். மழைக்காலத்தில் மரக்கிளை விழுந்து கம்பி அறுவதும், லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் லோ வோல்டேஜ் வருவதும் நம் ஊரில் புதிதல்ல. 80 பிளஸ் முத்திரை கரண்ட் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதைத்தான் சொல்லும், பாதுகாப்புக்கு அது சான்று ஆகாது. முத்திரையோடு பிராண்டும் வாரண்டியும் பாருங்கள். நம்பகமான 550 வாட்ஸ் ஒன்று வாங்கிவிட்டால், நாளைக்குக் கொஞ்சம் பெரிய கார்டு மாற்றினாலும் அதுவே தாங்கும்.

எர்த்தைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. பழைய எஸ்டேட் லைன் வீடுகளிலும் பழைய பங்களாக்களிலும் இரண்டு பின் பிளக் பாயிண்டுகள் இன்னும் இருக்கின்றன. மூன்று பின் இருந்தாலும் சில இடங்களில் உள்ளே எர்த் கம்பி இணைந்திருக்காது. கேபினட்டைத் தொட்டால் கையில் சுருக்கென்று இருக்கிறதா? எர்த் இல்லை என்பதற்கு அது தெளிவான அடையாளம். கார்டுக்கு முன்னால் எலக்ட்ரீஷியனுக்குச் செலவு செய்யுங்கள். அந்த ஒரு நாள் வேலை உங்கள் சிஸ்டத்தையும் வீட்டில் உள்ளவர்களையும் சேர்த்துக் காப்பாற்றும்.

இங்கே பல வீடுகளில் ரூம் ஹீட்டர் உண்டு. 2,000 வாட்ஸ் ஹீட்டரையும் கேமிங் சிஸ்டத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகவே கூடாது. ஹீட்டர் ஓடி அணையும் ஒவ்வொரு முறையும் வோல்டேஜ் ஆடும், ஒயரும் சூடாகும். யு.பி.எஸ். வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் வி.ஏ.வையும் அது உண்மையில் தரும் வாட்ஸையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 600 வி.ஏ. என்றால் ஏறக்குறைய 360 வாட்ஸ்தான். மேலே சொன்ன சிஸ்டத்தோடு மானிட்டரும் சேர்ந்தால் அது எல்லைக்குப் பக்கத்தில் போய்விடும். 1,000 வி.ஏ. இருந்தால் கரண்ட் போனதும் நிதானமாகச் சேவ் செய்து அணைக்கலாம். இடி மின்னல் நேரத்தில் பிளக்கோடு நெட் கேபிளையும் கழற்றுங்கள். கேபிள் வழியாக அடிபட்டுச் செத்த மதர்போர்டு என் மேசைக்கு நிறையவே வருகிறது.

சரி, இனி பிராசசர். 60 ஹெர்ட்ஸ், ஃபுல் ஹெச்.டி. மானிட்டரில் விளையாட ஆறு கோர் உள்ள ரைசன் 5 5600 அல்லது ஐ5 12400எஃப் தாராளம். பெயரில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. பணம் இப்போது பாதிதான் இருக்கிறது என்றால் உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி போட்டு, வலோரண்ட் மாதிரி இலகுவான கேம் ஆடிக்கொண்டு, கார்டைப் பிறகு வாங்கலாம். 5600ஜி போடும்போது ராம் கட்டாயம் இரண்டு 8 ஜி.பி.யாக இருக்கட்டும். ஒற்றை 16 ஜி.பி. போட்டால் வேகம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறையும். 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை கடுமையாக ஏறியது. பழைய சிஸ்டத்தில் நல்ல டி.டி.ஆர். 4 ராம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், மேலே சொன்ன பிராசசர்களுக்கு அதற்கேற்ற மதர்போர்டு கிடைக்கிறது.

ஏமாறும் இடம் இரண்டு. 'ஐ7 கேமிங் பிசி' என்று மலிவு விலைக்கு விளம்பரம் வரும். கேட்டுப் பார்த்தால் மூன்றாம் தலைமுறை ஐ7. 2012-இல் வந்த பிராசசர் அது, கூடவே புது மதர்போர்டு போட்டிருப்பார்கள். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது எட்டாம் தலைமுறையிலிருந்துதான், விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இல் வலோரண்ட் ஓட டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், அந்தப் போர்டுகளில் அது இருக்காது. இன்னொன்று '4 ஜி.பி. கிராபிக்ஸ்' என்ற வார்த்தை. ஜி.டி. 730 கார்டிலும் 4 ஜி.பி. உண்டு. 2014-இல் வந்த கார்டு, இன்றைய கேமுக்கு உதவாது. எத்தனை ஜி.பி. என்று கேட்காமல் எந்த மாடல் என்று கேளுங்கள். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கார்டுக்கே போகலாம், தப்பில்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் அதற்காக வெட்டாதீர்கள்.

ஈரம் இங்கே மெதுவாகக் கெடுக்கிற சமாச்சாரம். ஹாஸ்டலுக்குப் போன பிள்ளையின் சிஸ்டம் மூடிய அறையில் மாதக்கணக்கில் அணைந்தே கிடக்கும். பிளாஸ்டிக் உறை வேறு போட்டிருப்பார்கள். ராம் முனையில் கறுப்புப் படியும், அப்புறம் டிஸ்ப்ளே வராது. உறையை எடுத்துவிடுங்கள், வெளிச்சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். ஓடும் சிஸ்டத்தின் சூடே ஈரத்தைப் போக்கிவிடும்.

கோவை காந்திபுரத்தில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஜி.எஸ்.டி. பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். வாரண்டிக்கு நாம் மலை இறங்கித்தான் போக வேண்டியிருக்கும், பில் இல்லாமல் போனால் அலைச்சல்தான் மிச்சம். கீழேயே அசெம்பிள் செய்து கொண்டுவந்தால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே வைத்து எடுத்து வாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் கார்டின் எடை முழுக்க ஸ்லாட்டின் மேல் ஆடும். கேபினட்டை மதர்போர்டு கீழே இருக்கும்படி படுக்க வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடனே சுவிட்ச் போடாமல், அறையின் வெப்பத்துக்கு வர ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். பிறகு கார்டை ஸ்லாட்டில் 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்தி, மானிட்டர் கேபிளை மதர்போர்டில் குத்தாமல் கார்டில் சொருகி, பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் திரை) ராமை முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்.எம்.பி.யை ஆன் செய்துவிட்டு விளையாட உட்காரலாம்.