விளம்பரத்தை நம்பி ஏமாந்தீர்களா? புகாரில் கண்ணீரை எழுதாதீர்கள்

பரீட்சையில் தோற்ற பையன் தலைகுனிந்து நிற்கிறான். அம்மா ஒரு டம்ளர் கலக்கிக் கொடுக்கிறாள். அடுத்த காட்சியில் மேடையேறிப் பரிசு வாங்குகிறான். இதை நம்பி எட்டு மாதம் சத்துப்பொடி வாங்கிய ஒரு தாய், நான்கு பக்கப் புகாரோடு என்னிடம் வந்தார். நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு முறை திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் வேதனை. விளம்பரத்தில் எந்த வரி பொய் என்பது மட்டும் இல்லை.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொய் சொன்னாலோ உண்மையை மறைத்துத் தவறாக நம்பவைத்தாலோதான் பிடிக்கும், ஆசை காட்டினால் பிடிக்காது. ‘ஊரே திரும்பிப் பார்க்கும்’ என்பது வழக்கில் நிற்காது. ‘மூன்றே மாதத்தில் நினைவாற்றல் கூடும்’ என்பது நிற்கும். ஆதாரம் எங்கே என்று கேட்கலாம் அல்லவா? வியாபாரம் நடப்பதே முதல் வகையால்தான், அதற்குத்தான் தண்டனை இல்லை. என்ன செய்ய! இரண்டாவது வகை வரி ஒன்றைக் கண்டுபிடித்துப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

குழந்தைகளுக்கான பொருள் என்றால் பிடி இன்னும் இறுகும். அறிவோ உடல்திறனோ கூடும் என்று தகுந்த ஆதாரமின்றிச் சொல்லக் கூடாது என்கின்றன, தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிமுறைகள். அடியில் எறும்பு எழுத்தில் ஓடும் ஆங்கிலக் குறிப்பைக் காட்டி நிறுவனம் நழுவப் பார்க்கும். விளம்பரம் தமிழில் என்றால் அந்தக் குறிப்பும் தமிழில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்பதும் அதே நெறிமுறைதான்.

அடுத்து, எந்தக் கதவைத் தட்டுவது? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். அதில் உங்களுக்கு ஒரு பைசா வராது. 1915 உதவி எண் நிறுவனத்திடம் பேசிப் பார்க்கும். உத்தரவு போட அதிகாரமில்லை. ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற குறுஞ்செய்தியை நம்பி உட்கார்ந்திருந்தால், வழக்குப் போட உள்ள இரண்டு ஆண்டுக் கெடு ஓடிவிடும். பணம் திரும்ப வேண்டுமென்றால் மாவட்ட ஆணையம்தான்.

அங்கே ‘கம்பெனி இருக்கிற ஊரில் போடுங்கள்’ என்பார்கள். அதே 2019 சட்டத்தின் 34-ஆம் பிரிவைக் காட்டுங்கள்: நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே போடலாம். ‘வக்கீலோடு வாங்க’ என்றால், வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. அந்தத் தாயிடம் ‘பில் உங்கள் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறதே’ என்றும் சொல்லியிருக்கிறார்கள். வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்தியவரும் சட்டப்படி நுகர்வோர்தான். ஆனால் கடையில் வைத்து விற்க வாங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

நிறுவனத்துக்குக் கடிதம் போடுவதற்கு முன்பே விளம்பரத்தைத் தேதியோடு பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாய் முதலில் கடிதம் போட்டார். இணையத்தில் இருந்த விளம்பரம் காணாமல் போனது. நல்லவேளை, பழைய பேப்பர்காரருக்கு எடுத்து வைத்த காலி டப்பா ஒன்று வீட்டில் கிடந்தது. லேபிளும் மேலுறையும்கூடச் சட்டத்தின் கணக்கில் விளம்பரம்தான். டப்பாவின் பக்கவாட்டில் ‘மூன்றே மாதத்தில் நினைவாற்றல் கூடும்’ என்ற வரி அப்படியே அச்சாகியிருந்தது. அதை இணைத்து ஒன்றரைப் பக்கத்தில் எழுதிய மனுவை, மூன்றாவது முறை முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.