கிணறு நம்முடையது, தண்ணீர்?

தென்னாப்பிரிக்காவில் நிலத்தை வாங்கினால் அடியிலிருக்கும் தண்ணீரும் சேர்ந்தே வரும் என்ற எண்ணம் ஒரு காலத்தில் பெரும்பாலும் சரிதான். 1956ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் வைத்திருந்தது. 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம் அதை மாற்றிவிட்டது. ஆற்று நீரானாலும் நிலத்தடி நீரானாலும் மக்கள் சார்பில் அரசே பொறுப்பாளர். குழாயும் மோட்டாரும் உங்களுடையவை. தண்ணீரை எடுக்கச் சட்டத்தில் இடமிருக்க வேண்டும்.

டர்பனுக்கு வடக்கே வெருலம், டோங்காட் பக்கம் காய்கறி போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, விளைவதை விற்கிறோமா என்பதை. வீட்டுத் தேவைக்கும், விற்பனைக்கல்லாத சிறு தோட்டத்துக்கும், மேயும் மாடு ஆடுகளுக்கும் அளவோடு எடுக்க உரிமம் வேண்டாம். கறிவேப்பிலையைக் குழம்புக்குப் பறிக்கும் வரை கவலையில்லை. கட்டுக் கட்டாகச் சந்தைக்கு அனுப்பத் தொடங்கினால் இந்தச் சலுகை பொருந்தாது.

அடுத்தது பொது அனுமதி. உரிமம் இல்லாமலே, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு இத்தனை கன மீட்டர் நிலத்தடி நீர் எடுக்கலாம் என்று ஒவ்வொரு நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் அரசிதழில் அளவு வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் அது பூஜ்யம்; மற்ற இடங்களில் 45, 75, 150 என்று ஏறும். உங்கள் பகுதிக்கு 75 என்றால், 4 ஹெக்டேர் நிலத்துக்கு ஆண்டு முழுவதற்கும் 300 கன மீட்டர். கேட்க நிறைய போலத் தோன்றும். ஒரு ஹெக்டேரில் 75 கன மீட்டர் என்பது வெறும் 7.5 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். கத்தரிக்கு ஓரிரு பாய்ச்சலோடு சரி. ஆனால் கணக்கில் சேர்வது முழு நிலத்தின் பரப்பு. தரிசாகக் கிடக்கும் பகுதியின் பங்கையும் பயிருக்குத் திருப்பலாம் என்பதால், பெரிய நிலத்தில் சின்னத் தோட்டம் வைத்திருப்பவருக்கு இது உதவும். சின்ன நிலத்தில் நெருக்கிப் பயிரிடுகிறவருக்குத்தான் இடி.

பழைய கரும்புத் தோட்டத்தை வாங்குகிறவர்கள் கவனிக்க: சட்டம் நடைமுறைக்கு வருமுன் இரண்டு ஆண்டுகளுக்குள் முறைப்படி எடுத்துவந்த நீரைத் தொடர்ந்து எடுக்கலாம். விற்பவர் காட்டும் பதிவுச் சான்றிதழ் மட்டும் அதற்கு ஆதாரமாகாது. அந்தப் பயன்பாடு சட்டப்படியானது என்று நீர் மற்றும் துப்புரவுத் துறை சரிபார்த்துக் கொடுத்த கடிதத்தைக் கேளுங்கள். இல்லையென்றால் விலையைப் பேசும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

இவை எதிலும் அடங்காவிட்டால் உரிமம்தான். அதே துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் அதிகபட்சம் 40 ஆண்டுகளுக்கு. இடையிடையே மறுபரிசீலனையும் உண்டு. முடிவெடுக்கும்போது கடந்தகால இனப் பாகுபாட்டின் விளைவுகளைச் சரிசெய்யும் தேவையையும் பார்க்க வேண்டும் என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. இந்திய வம்சாவளியினரான நம் விண்ணப்பங்களில் அதை எழுதக் கூச்சப்பட வேண்டியதில்லை. மறுத்துவிட்டால் 30 நாட்களுக்குள் நீர்த் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். அனுமதியில்லாமல் எடுத்துப் பிடிபட்டால் முதல் குற்றத்துக்கே அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.