பால் ஜாயின்ட் தேய்ந்ததா? சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள்

“அண்ணே, அப்சோர்பர் போச்சு, மாத்திடுங்க.” கோலாலம்பூர், செந்தூலில் என் வொர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்களில் பலர் நோயையும் மருந்தையும் தாங்களே முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதி) போங்கோல் எனும் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் ‘டொக் டொக்’ என்கிறதாம். அதிர்வை அடக்கும் அப்சோர்பராகவும் இருக்கலாம், கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியின் ஸ்டெபிலைசர் லிங்க்காகவும் இருக்கலாம், பால் ஜாயின்ட்டாகவும் இருக்கலாம். லிங்க் போனால் பெரும்பாலும் சத்தத்தோடு சரி. ஆனால் சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோவர் ஆர்ம் முனையில் இருக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் கழன்றால் முன்சக்கரம் மடங்கிவிடும். அப்புறம் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஒன்றும் ஆகாது.

சத்தம் வரட்டும், அப்போது பார்க்கலாம் என்பதும் சரியில்லை. தேய்ந்த ஜாயின்ட் எல்லாம் சத்தம் போடுவதில்லை. முதலில் கெடுவது அதை மூடியிருக்கும் கறுப்பு ரப்பர் பூட். அது கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், மழைத் தண்ணீரும் மணலும் உள்ளே போகும். திடீர் வெள்ளத்தில் ஓட்டிய காரில் இதைக் கட்டாயம் பாருங்கள். டயர் ஒரு ஓரமாகத் தேய்வதும், நேர்ச் சாலையில் கார் அலைவதும்கூட அடையாளம்தான். அதற்குச் சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் மட்டும் செய்வது வீண் செலவு. ஜாயின்ட் ஆடும்வரை அளவு நிற்காது.

சோதனையில் முக்கியம், ஜாக்கை எங்கே வைக்கிறோம் என்பது. மைவி, சாகா, வியோஸ் போன்ற கார்களில் முன் ஸ்பிரிங் அப்சோர்பரோடு இருக்கிறது. காரின் எடை கீழ் பால் ஜாயின்ட்டில் உட்காராது. பாடியில் ஜாக் வைத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் போதும். ஹைலக்ஸ் மாதிரி பிக்கப்பில் ஸ்பிரிங் லோவர் ஆர்ம் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. சேசிஸில் தூக்கினால் ஸ்பிரிங் ஆர்மை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், தேய்ந்த ஜாயின்ட்டும் இறுக்கமாகத் தெரியும். அங்கே ஜாக் லோவர் ஆர்முக்கு அடியில் வர வேண்டும். எதுவானாலும் ஸ்டாண்ட் போடாமல் அடியில் தலையை நுழைக்காதீர்கள்.

பிறகு சக்கரத்தைக் கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்ட வேண்டும். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். நின்றுவிட்டால் பேரிங்கில் கோளாறு. நிற்காவிட்டால் பால் ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம். 9, 3 பக்கம் மட்டும் ஆடினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனையைப் பாருங்கள். உறுதிசெய்ய, ஆர்முக்கும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்கும் நடுவே நெம்புகோலைக் கொடுத்து மெதுவாக நெம்புவேன். ஆர்ம் புஷ் ரப்பர் கொஞ்சம் அசைவது இயல்பு, அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அனுமதிக்கும் ஆட்டத்தின் அளவு மாடலுக்கு மாடல் மாறும்.

சொந்தக் காருக்கு நம் மலேசியாவில் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. இன்சூரன்ஸ் எடுத்தால் ரோட் டேக்ஸ் புதுப்பித்துவிடலாம், காரைத் தூக்கிப் பார்க்க யாருக்கும் வேலை இல்லை. ஆகவே டயர் மாற்றும்போதும், தீபாவளிக்கு நெடுந்தூரம் ஓட்டும் முன்பும் பால் ஜாயின்ட்டின் ரப்பர் பூட்டைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சில கார்களில் ஜாயின்ட் தனியாகக் கிடைக்காது, ஆர்மோடு மாற்ற வேண்டும். காசை மிச்சம் பிடிக்க வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் பழையதை வாங்காதீர்கள். அது ஏற்கெனவே எவ்வளவு ஓடியதென்று யாருக்குத் தெரியும்? மாற்றியதும் அலைன்மென்ட் பாருங்கள். நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின் இருக்கும் வகை என்றால் புதுப் பின்தான் போட வேண்டும், பழையதை நிமிர்த்திப் போட விடாதீர்கள்.