கோல்ஃப் திடலில் போவா களை: செப்டம்பரில் கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா போன்ற தென் மாநிலங்களில் கோல்ஃப் திடல்களை நிரப்பியிருப்பது நம் அருகம்புல்லின் இனமான பெர்முடா புல். குளிர்காலத்தில் அது வளர்ச்சியை நிறுத்தி வைக்கோல் நிறமாகும்போது, நடுவே பச்சைத் திட்டுகளாகத் தெரிவது போவா ஆனுவா என்னும் களைப்புல். அந்தப் பச்சை பிப்ரவரியில் கண்ணை உறுத்திய பிறகே பல திடல்களில் மருந்தைப் பற்றிய பேச்சு எழுகிறது. களையோ முந்தைய இலையுதிர் காலத்திலேயே முளைத்துவிட்டது.

மேல்மண்ணின் வெப்பநிலை ஏறத்தாழ 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது போவா விதைகள் முளைக்கத் தொடங்குகின்றன. புரோடயமின், பெண்டிமெத்தலின் போன்ற களைக்கொல்லிகள் முளைவிடும் விதையின் வேரில் செல் பிரிவதைத் தடுப்பவை. நன்கு வேரூன்றிய செடியை அவை அழிப்பதில்லை. ஆகவே சென்ற ஆண்டு தெளித்த தேதியை நம்பாமல், நிழல் விழும் இடங்களிலும் வெயில் படும் இடங்களிலும் மண்ணில் வெப்பமானியைச் செருகித் தனித்தனியே அளந்து, அந்த அளவை எட்டுவதற்கு முன்பே தெளித்து, உடனே நீர் பாய்ச்சி மருந்தை மண்ணுக்குள் இறக்க வேண்டும். குளிர்காலப் பசுமைக்காக ரை புல் விதைக்கவிருக்கும் பகுதிகளில் இம்மருந்துகளை இட்டால் அந்த விதையும் முளைக்காது என்பதால், எங்கே ரை, எங்கே மருந்து என்பதைக் கோடையிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

இவை அனைத்தையும்விட என்னைக் கவலை கொள்ளச் செய்வது களையின் எதிர்ப்புத்திறன். ஒரே வகை மருந்தை ஆண்டுதோறும் இட்டுவந்த இடங்களில் புரோடயமின், சிமசின், கிளைபோசேட் ஆகியவற்றுக்கு அடங்காத போவா உருவாகியிருப்பது ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. பெயர் மாறினால் மருந்தும் மாறிவிட்டதாக எண்ணுவது பெரும் பிழை. புரோடயமினும் பெண்டிமெத்தலினும் செயல்படும் விதத்தில் ஒன்றே, லேபிளில் அந்த விதத்தைக் குறிக்கும் குழு எண் இரண்டுக்கும் 3 என்றே அச்சிடப்பட்டிருக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். குழு 29ஐச் சேர்ந்த இண்டாசிஃப்ளாமை இடையில் இடலாம், ஆனால் லேபிள் அனுமதிக்கும் இடங்களில் மட்டும்.

இறுகிய மண்ணும் தேங்கும் ஈரமும் போவாவுக்கு உகந்தவை என்பதால், வடிகாலைச் சீர்செய்யாமல் தெளிக்கும் மருந்துக்குப் பயன் குறைவு. மண்ணில் துளையிட்டுக் காற்றோட்டம் தரும் வேலையையும் பெர்முடா வேகமாக வளரும் கோடையிலேயே முடித்துவிடுவது நல்லது. முறையாகத் தெளித்த பின்னும் திட்டுத் திட்டாகப் பிழைத்திருக்கும் செடிகளைக் கண்டால், மருந்தின் அளவைக் கூட்டாமல், அவை பூத்து விதை உதிர்ப்பதற்கு முன் வேரோடு எடுத்து, மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறையை அணுகி எதிர்ப்புத்திறன் சோதனைக்கு வழி கேளுங்கள்.