சால்வியா: முனிவரும் அல்ல, துளசியும் அல்ல

தோட்டக் குறிப்புகளைத் தமிழில் படிக்கிறவர்கள் அண்மைக்காலமாக அடிக்கடி ஒரு முனிவரைச் சந்திக்கிறார்கள். ‘சிவப்பு முனிவரை வெயில் படும் இடத்தில் நடவும்’ என்கிறது ஒரு குறிப்பு. ‘முனிவரின் இறந்த தலைகளை அவ்வப்போது வெட்டி எறியவும்’ என்கிறது இன்னொன்று; வாடிய பூக்களைத்தான் சொல்கிறது. ‘அன்னாசி முனிவர்’ என்றுகூட ஒருவர் வந்துபோனார். பொறி பெயர்த்த பெயர்ப்பு, போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் நாகர்கோவில் பக்கத்து நர்சரி ஒன்றில், சிவப்பாகப் பூத்துக் குலுங்கிய சட்டியில் ‘முனிவர் செடி’ என்று அட்டை எழுதிச் செருகியிருக்கிறார்கள். இனிமேலும் சும்மா இருப்பது முறையில்லை.

சொல்வரலாறு சிறியது. செடியின் பெயர் சால்வியா. இலத்தீனில் ‘சால்வுஸ்’ என்றால் நலமாக இருப்பது. நோய் தீர்க்கும் இலை என்று கருதியதால் வந்த பெயர். அது பிரெஞ்சு வழியே தேய்ந்து ஆங்கிலத்தில் ‘சேஜ்’ ஆயிற்று. அறிவில் முதிர்ந்தவரைக் குறிக்கும் ‘சேஜ்’ வேறொரு இலத்தீன் வேரிலிருந்து, சுவைத்தல், அறிதல் என்னும் பொருளிலிருந்து வந்தது. இரண்டும் ஒலியில் ஒன்றாகிப்போயின, அவ்வளவே. ‘ஆறு பேர் குளித்தார்கள்’ என்பதை ‘நதி பேர் குளித்தார்கள்’ என்று பெயர்த்தால் எப்படியோ, அப்படித்தான் இந்த முனிவரும்.

முனிவரை வெளியேற்றுவது எளிது. அவருடைய இடத்தில் உட்காரப் பார்க்கும் ‘செந்துளசி’யோடுதான் எனக்குப் பெரிய வழக்கு. தூய தமிழ் வேண்டும் என்று கேட்கிற நல்லவர்கள் முன்வைக்கும் பெயர் இது. சால்வியாவும் துளசியும் ஒரே குடும்பம், இரண்டுக்கும் தண்டு நாற்கோணம், இலைகள் எதிரெதிர், பூ சிவப்பு, ஆகவே செந்துளசி என்கிறார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

முதல் தடை, அந்தப் பெயருக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. துளசியின் வகைகளைச் சொல்லும்போது நல்துளசி, கருந்துளசி, செந்துளசி, கல்துளசி, முள்துளசி என்றுதான் நம்மவர்கள் அடுக்குகிறார்கள். நேற்று வந்த பிரேசில் செடிக்காக உள்ளூர்ச் செடியின் பெயரைப் பிடுங்குவது தமிழுக்குச் செய்யும் தொண்டு ஆகாது.

இரண்டாவது, துளசி என்ற சொல் வெறும் அடையாளமாக நிற்பதில்லை. அது கையை இலைக்கு இழுக்கும். குமரி மாவட்டத்தில் சளி பிடித்தால் பாட்டி தேடுவது துளசியை. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் சந்நிதியில் வாங்குவதும் துளசிதான். அழகுக்காக வளர்க்கும் ஒரு செடிக்கு அந்தப் பெயரைச் சூட்டினால், நாளைக்கு யாராவது அதைக் கிள்ளிக் கஷாயத்தில் போடுவார்கள். பெயர் வைத்தவர் அப்போது அங்கே இருக்கமாட்டார்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் எரிச்சலூட்டுகிறது. குடும்பம் ஒன்று என்பதற்காகப் பெயரையும் ஒன்றாக்கினால் எங்கே போய் நிற்போம்? சியா விதை சால்வியா பேரினத்துச் செடி ஒன்றின் விதை (பேரினம் என்பது குடும்பத்துக்குள் இன்னும் நெருங்கிய உறவுச் செடிகளின் கூட்டம்). சப்ஜா விதையோ திருநீற்றுப்பச்சிலையின் விதை. அது துளசிப் பேரினம். இரண்டும் நீரில் ஊறினால் வழுவழுப்பாக உப்புவதால் கடைக்காரர்களே மாற்றிச் சொல்கிறார்கள். சால்வியாவையும் துளசி ஆக்கிவிட்டால் இந்தக் குழப்பத்துக்குப் பட்டா போட்டுக் கொடுத்ததுபோல் ஆகும். ரோஸ்மேரியையும் இப்போது தாவரவியலார் சால்வியாவில் சேர்த்துவிட்டார்கள். அதற்கு என்ன துளசி என்று பெயர் வைப்பார்களோ! சால்வியாவைக் கற்பூரவள்ளி என்று எழுதுகிறவர்களுக்கும் இதே பதில்தான்: அதே குடும்பம், வேறு செடி.

தவிர, துளசியில் பூவை யார் பார்க்கிறார்கள்? சால்வியாவில் பூவைத் தவிர எதைப் பார்க்கிறார்கள்? நீண்ட குழல், மேலே ஒரு கூரை, கீழே ஓர் உதடு, அடியில் தேன். சிவப்பு நிறம் தேனீயின் கண்ணுக்கு அவ்வளவாகப் படாது, பறவையின் கண்ணுக்கு நன்றாகப் படும். இந்தச் சிவப்பு வகைகள் அமெரிக்கக் கண்டங்களில் பறவைகளை நம்பியே இப்படி அமைந்தன. பெயர் பூவிலிருந்துதான் வரவேண்டும். இப்படிக் கூரையும் உதடுமாகப் பூக்கிற, பிள்ளைகள் பிடுங்கித் தேன் உறிஞ்சுகிற, அதே குடும்பத்துச் செடி ஒன்று நம் வயல் வரப்பிலேயே நிற்கிறது. தும்பை. ஆகவே நான் சொல்வது செந்தும்பை.

தும்பை என்றாலே வெள்ளையாயிற்றே, தும்பைப்பூப் போன்ற வேட்டி என்கிறோமே, அதில் செம்மை எப்படி ஒட்டும் என்று கேட்பார்கள். செம்பருத்தி என்ற பெயரிலேயே செம்மை இருக்கிறது; அதை வைத்துக்கொண்டே ‘வெள்ளைச் செம்பருத்தி’ என்று கூசாமல் சொல்கிறோம். அதைத் தாங்கிய தமிழ் செந்தும்பையையும் தாங்கும். தொல்காப்பியத்தில் தும்பை போர்த்திணை. அங்கே சிவப்புக்குக் குறைவில்லை. ஒன்று மட்டும்: இது சிவந்து பூக்கும் தோட்டச் செடிகளுக்கான பெயர். பேரினம் முழுவதற்கும் சால்வியா என்றே எழுதலாம். ஐரோப்பியர் சமையலில் போடும் நீலப்பூ வகைக்கு, இங்கே அதைச் சமைப்பவரே அரிது என்பதால், சேஜ் என்ற கடன்சொல்லே போதும்.

முனிவரை நடச் சொல்லும் அந்தத் தோட்டக் குறிப்புகளின் அடுத்த வரி இன்னும் மோசம். ‘இதை நட்டால் தேன்சிட்டு அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும்’ என்கிறார்கள். மூலத்தில் இருப்பது ஹம்மிங்பேர்ட். அது அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்வது, உழவாரன் குருவிக்கு உறவு. நம் தேன்சிட்டு வேறு குடும்பம். ஒரே வேலையைச் செய்வதால் அலகு நீண்டு ஒத்த தோற்றம் வந்ததே தவிர, உறவு கிடையாது. ஹம்மிங்பேர்டுக்கு ‘ஓசனிச்சிட்டு’ என்ற சொல் முன்பே புழக்கத்தில் இருக்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் ஓர் அகராதியைக்கூடத் திறப்பதில்லை. மூலத்தில் எந்த நாட்டுத் தோட்டம் பேசப்படுகிறது என்றும் பார்ப்பதில்லை. பட்டர்ஃப்ளை என்னும் வண்ணத்துப்பூச்சி ஒன்றுதான், ‘வெண்ணெய் ஈ’ ஆகாமல், இவர்கள் கையில் தப்பித்திருக்கிறது.

இந்தப் பிழையால் செடி வளர்ப்பவருக்கும் நட்டம். குமரியில் வருகிற ஊதாத் தேன்சிட்டும் ஊதாப்பிட்டத் தேன்சிட்டும் சிறிது நேரம் சிறகடித்து நிற்கும். ஆனால் பெரும்பாலும் உட்கார்ந்துதான் குடிக்கும். குழல் நீளமானால் அடியில் துளையிட்டுத் தேனைத் திருடுவதும் உண்டு. ஆகவே மெல்லிய செந்தும்பைக் கதிரை மட்டும் தனியாக வைத்தால் போதாது. காலூன்ற ஒரு தெற்றிப் (இட்லிப்பூ) புதரோ செம்பருத்தியோ பக்கத்தில் வேண்டும். இங்கே ஆடியிலும் ஐப்பசியிலும் இரண்டு பருவமழையும் பிடித்துக்கொள்ளும். சட்டியில் மணல் கூட்டி, நீர் தேங்காமல் வைக்க வேண்டும். விதையை ஆழப் புதைக்காமல் மேலாகத் தூவினால் முளைக்கும். முனிவரை அரையடி ஆழத்தில் அடக்கம் செய்யச் சொல்லும் குறிப்பை மட்டும் நம்ப வேண்டாம்.