செயின் நீளுவதில்லை

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நூறு சிசி வண்டி ஓட்டுகிறேன். செயின் லூஸ் ஆகிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் செட்டாக மாற்றச் சொல்கிறார். நீண்டது செயின் மட்டும்தானே? அதோடு, அவ்வளவு கெட்டியான இரும்பு எப்படி நீளும்?"

ஸ்ப்ராக்கெட் என்பது செயின் மாட்டி ஓடும் பல்சக்கரம். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இரும்பு நீளவில்லை. பின்னால் ஒருவரை உட்கார வைத்து, நடுவில் கேஸ் சிலிண்டரையும் வைத்து ஓட்டினாலும் அந்தத் தகடுகள் ரப்பர் மாதிரி இழுபடாது. ஆனாலும் செயினின் நீளம் கூடுகிறது. எங்கிருந்து கூடுகிறது என்று பார்ப்பதற்காகவே ஒரு முறை பழைய செயின் ஒன்றை வாங்கி வந்து, அதன் தகடுகளைக் கோத்திருக்கும் ஆணி போன்ற பின் (pin) ஒன்றின் தலையைக் கிரைண்டரில் தேய்த்துவிட்டுத் தட்டி வெளியே எடுத்தேன்.

விரல் நீளம்கூட இல்லாத சின்ன உருளை அது. இரண்டு முனைகளும் நேற்றுச் செய்ததுபோல உருண்டையாகப் பளபளத்தன. நடுப்பகுதியில் மட்டும், அதுவும் ஒரு பக்கம் மட்டும், பள்ளம் விழுந்திருந்தது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. நகத்தை வைத்து இழுத்தால் படி தட்டுகிற மாதிரி தட்டியது. பின்னைச் சுற்றி அரைத்த மருதாணி போலச் செம்பழுப்பான குழம்பு. தேய்ந்த இரும்புத்தூள் துருப்பிடித்து, மிச்சமிருந்த எண்ணெயோடு கலந்து அப்படி ஆகியிருந்தது.

செயினின் அமைப்பு தெரிந்ததுதான். வெளித்தகடுகள் இரண்டு, அவற்றில் இறுக்கமாக அடித்த பின்கள். உள்தகடுகள் இரண்டு, அவற்றில் இறுக்கமாக அடித்த குழல்கள். இவற்றை புஷ் என்பார்கள். அந்தப் பின் இந்தக் குழலுக்குள் உட்காரும். குழலுக்கு வெளியே சுழலும் ரோலர்தான் ஸ்ப்ராக்கெட் பல்லைத் தொடுகிறது. 1880-இல் மான்செஸ்டரில் இந்த அமைப்பைக் கொண்டுவந்தவர் ஸ்விட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் ரெனால்ட். அதற்கு முந்தைய செயின்களில் பின்னின் பாரம் மெல்லிய தகட்டின் ஓரத்தில் விழுந்தது. ரெனால்ட் ஒரு குழலைச் செருகி, அதே பாரத்தைக் குழலின் முழு அகலத்துக்கும் பரப்பிவிட்டார். இன்று நம் வண்டியில் ஓடுவதும் அதே அமைப்புதான்.

ஆக, ஒவ்வொரு பின்னும் குழலும் சேர்ந்து ஒரு கீல். நம் வீட்டுக் கதவின் கீல் ஒரு நாளைக்கு எத்தனை முறை திரும்பும்? ஐம்பது? நூறு? செயின் கீலின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முன்னால் 14 பல், பின்னால் 42 பல், செயினில் 120 லிங்க் (லிங்குக்கு ஒரு கீல்), பின் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.9 மீட்டர் உருளும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் 526 முறை சுற்றும். செயின் 184 முறை முழுச்சுற்று வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கீலும் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஏறும்போது மடங்கி, இறங்கும்போது நிமிர்ந்து, பின் ஸ்ப்ராக்கெட்டிலும் அதையே செய்கிறது. 20,000 கிலோமீட்டரில் ஒரு கீல் மட்டும் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி முறை அசைகிறது. அதுவும் எஞ்சினின் இழுப்பைத் தாங்கிக்கொண்டே, மணலும் மழைநீரும் உள்ளே புகப் புக.

இப்படி அசையும்போது ஒவ்வொரு கீலிலும் 0.127 மில்லிமீட்டர் தேய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். நோட்டுப் புத்தகத் தாளின் தடிமனைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். 120 கீல்களுக்குக் கூட்டினால் 15 மில்லிமீட்டர். 1,524 மில்லிமீட்டர் இருந்த செயின் 1 சதவீதம் நீண்டுவிட்டது.

சரி, நீண்ட செயினை டைட் வைத்துவிட்டால் போச்சு என்று தோன்றும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. மொத்த நீளத்தைச் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளிச் சமாளிக்கலாம். ஆனால் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் அரை அங்குல இடைவெளிக்கு, அதாவது 12.7 மில்லிமீட்டருக்கு வெட்டப்பட்டவை. செயினிலோ சராசரி இடைவெளி இப்போது 12.83. பொருந்தாத இந்தச் செயின் பற்களின் மேல் எப்படி ஓடுகிறது?

மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆரக்கால்கள் குடத்துக்கு அருகே நெருங்கியும், வட்டைக்கு அருகே விலகியும் இருக்கும். ஸ்ப்ராக்கெட் பற்களும் அப்படித்தான். அடியைவிட நுனியில் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும். இடைவெளி கூடிய செயின் பல்லின் அடியில் உட்கார முடியாமல், தனக்குப் பொருந்தும் இடைவெளி கிடைக்கும்வரை மேலே ஏறி, அங்கே ஓடுகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதுவே தன் இடத்தைத் தேடிக்கொள்கிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

எவ்வளவு ஏறும் என்பதையும் வடிவகணிதம் சொல்லிவிடும். 1 சதவீதத் தேய்மானத்துக்கு 14 பல் ஸ்ப்ராக்கெட்டில் சுமார் 0.3 மில்லிமீட்டர். 42 பல் ஸ்ப்ராக்கெட்டில் 0.85 மில்லிமீட்டர். பல்லின் உயரமோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஏனென்றால் ரோலர் ஒன்றே. ஆகவே ஏற இடமில்லாமல் முதலில் திண்டாடுவது பெரிய ஸ்ப்ராக்கெட்தான். பழைய மெக்கானிக்குகள் பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் புள்ளியில் செயினை விரலால் பின்னோக்கி இழுத்துப் பார்ப்பது இதனால்தான். பாதிப் பல் வெளியே தெரிந்தால் "செயின் முடிஞ்சுது தம்பி" என்பார்கள். ஸ்கேல் இல்லாமல், கழற்றாமல், ஒரே இழுப்பில் முடிந்துபோகும் சோதனை.

இப்போது முதல் கேள்வி. மேலே ஏறிய செயின், பல்லின் மெலிந்த பகுதியை அழுத்தி அழுத்தித் தேய்க்கிறது. நாளடைவில் பல் ஒரு பக்கம் குழிந்து புலிநகம் போல வளைகிறது. அதாவது ஸ்ப்ராக்கெட் பழைய செயினின் அளவுக்குத் தன்னை மாற்றிக்கொண்டுவிட்டது. அதன்மேல் சரியான 12.7 இடைவெளியுள்ள புதுச் செயினைப் போட்டால், பல பற்கள் பகிர வேண்டிய பாரம் ஒன்றிரண்டு பற்களிலேயே விழும். வளைந்த பல் ரோலரைக் கொக்கி போட்டுப் பிடிக்கும். புதுச் செயின் சீக்கிரமே கிழடாகிவிடும். பின் ஸ்ப்ராக்கெட்டை மட்டும் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டவும் கூடாது. கவருக்குள் மறைந்திருக்கும் முன் ஸ்ப்ராக்கெட் மூன்று மடங்கு சுற்றுகிறது. உங்கள் மெக்கானிக் சொன்னது நியாயம்தான். செயினை இன்னும் முன்பே மாற்றியிருந்தால் ஸ்ப்ராக்கெட்டுகள் தப்பியிருக்கலாம். பல் வளைந்த பிறகு வேறு வழியில்லை. இரண்டு லிங்க் வெட்டி மாட்டுவதும் வேண்டாம். நீளம் குறையும், மிச்சமிருக்கும் கீல்களின் தேய்மானம் அப்படியே இருக்கும்.

தேய்மானம் நடக்கும் இடம் தெரிந்துவிட்டால், எண்ணெய் எங்கே போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். வெளித்தகட்டின்மேல் பளபளவென்று பூசினால் துரு வராது, அவ்வளவே. உள்தகடும் வெளித்தகடும் சந்திக்கும் இடுக்கில் சொட்டினால்தான் பின்னுக்கும் குழலுக்கும் நடுவே போய்ச் சேரும். கீழ் ஓட்டத்தில், அதாவது இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையே கீழே ஓடும் பகுதியில், செயினின் உள்பக்கத்தில் விட்டால், சுற்றும் வேகமே எண்ணெயை உள்ளே தள்ளும். சாதாரணச் செயினுக்கு 90 நம்பர் கியர் ஆயில் போதும். 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, மழையில் ஓட்டினால் அன்றைக்கே. எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயில் வேண்டாம். அதில் கரியும் உலோகத்தூளும் இருக்கின்றன. பெரிய வண்டிகளில் வரும் ஓ-ரிங் செயினில் கிரீஸைத் தொழிற்சாலையிலேயே உள்ளே அடைத்து ரப்பர் வளையத்தால் மூடியிருப்பார்கள். அதை மண்ணெண்ணெயும் மெல்லிய பிரஷும் கொண்டு துடைக்கலாம். பெட்ரோலும் கம்பி பிரஷும் அந்த வளையத்தைக் கெடுத்துவிடும்.

இதையெல்லாம் எஞ்சினை அணைத்துவிட்டு, சென்டர் ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் செய்ய வேண்டும். எஞ்சின் ஓட, கியர் போட்டு, துணியைச் செயினில் பிடிக்கும் பழக்கத்தால் விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

தேய்மானத்தை ஆராயும் துறைக்கு டிரைபாலஜி என்று பெயர். 1966-இல் பொறியாளர் பீட்டர் ஜோஸ்ட் பிரிட்டிஷ் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில்தான் அந்தச் சொல்லே பரவலானது. உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தால் அந்த நாடு ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்று அவர் கணக்குக் காட்டினார். ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டல் இந்தத் துறைக்குக் கிடைப்பதில்லை. கடையில் நாம் பெயர் சொல்லிக் கேட்கும் டயமண்ட், ரோலான் இரண்டும் முறையே சென்னையையும் கோயம்புத்தூரையும் சேர்ந்த நிறுவனங்களின் செயின்கள். நம் புழுதிக்கும் நம் மழைக்கும் ஏற்ற எண்ணெய் எது என்ற ஆராய்ச்சிக்கு நம் பொறியியல் கல்லூரிகளில் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவிச் சந்தனம் வைக்கிறோம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். பழம் நசுங்கினால் விபத்து வராது என்பதை நான் நம்பவில்லை. அன்றைக்குச் செயின் கவரைக் கழற்றி, உள்ளே ஒரு முறை பார்த்தால் வண்டிக்கு உண்மையிலேயே நல்லது.

புது செட் மாட்டிய பிறகு இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, செயினின் தொய்வு. பின் சக்கரம் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் அதற்கும் உள்ள தூரம் மாறும். அந்தத் தொய்வு இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் பேரிங் அடிவாங்கும். அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். நூறு சிசி வண்டிகளில் பெரும்பாலும் 25 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, இருப்பதிலேயே டைட்டான இடத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, செயினின் இரண்டு முனைகளையும் சேர்க்கும் இடத்தில் மாட்டும் கிளிப்பான செயின் லாக். பார்க்கச் சின்ன மீன் மாதிரி இருக்கும், மூடிய பக்கம் தலை, பிளந்த பக்கம் வால். செயின் ஓடும் திசையில் தலை இருக்க வேண்டும். மேல் ஓட்டத்தில் செயின் பின்னாலிருந்து எஞ்சினை நோக்கிப் போகிறது, எனவே லாக் மேலே இருக்கும்போது மீன் எஞ்சினைப் பார்த்து நீந்த வேண்டும். திருப்பி மாட்டினால் பிளந்த வாயில் ஏதாவது தட்டி, லாக் கழன்று நடுரோட்டில் விழுந்துவிடும்.