கிள்ளுவதா, வளைப்பதா, விட்டுவிடுவதா: செடி கிளைக்கும் விதம்

முருங்கை விதை ஊன்றி இரண்டு மாதம் கழித்து, செடி முக்கால் மீட்டர் உயரம் வந்ததும் அதன் நுனியைக் கிள்ளிவிட வேண்டும் என்பது, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 ரகத்தைப் பயிரிடுவோர் கடைப்பிடிக்கும் முறை. கிள்ளாமல் விட்ட செடி ஒற்றைக் கம்பாக உயர்ந்து, கைக்கு எட்டாத இடத்தில் காய்த்து, பலத்த காற்றில் ஒடிந்தும் விழும். கிள்ளிய செடியை அடுத்த சில நாட்கள் அருகில் நின்று கவனித்தால், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் அதுவரை கடுகளவு புடைப்பாக மட்டுமே தெரிந்த மொட்டு பச்சை நிறம் கொண்டு, நுனி பிளந்து, இரண்டு சிறு தளிர்களை வெளியே நீட்டுவதைப் பார்க்கலாம். அந்த மொட்டு புதிதாகப் பிறந்ததன்று. அந்த இலை உருவான காலத்திலேயே அதுவும் உருவாகி, அத்தனை நாளும் வளராமல் காத்திருந்தது. அதைத் தடுத்து நிறுத்தியது எது என்ற கேள்விக்கு விடை தேடித் தாவரவியலாளர்கள் நூறாண்டுக் காலமாக உழைத்து வருகிறார்கள். அந்த விடையைத் தெரிந்துகொண்டவருக்கு, தம் வீட்டுச் செடியைக் கிள்ளுவதா, வளைத்துக் கட்டுவதா, தொடாமல் விடுவதா என்று முடிவெடுப்பது எளிதாகிவிடும்.

நுனி இருக்கும் வரை பக்க மொட்டு அடங்கியே இருக்கும் இந்த நிலைக்குப் பள்ளிப் பாடநூலில் நுனி ஆதிக்கம் என்று பெயர். 1920களின் பிற்பகுதியில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஃப்ரிட்ஸ் வென்ட், ஓட்ஸ் நாற்றின் முனையை வெட்டி அகர் என்னும் கூழ்மத்தின் ஒரு சிறு கட்டியின் மேல் வைத்து, முனையிலிருந்து அந்தக் கட்டிக்குள் இறங்கிய பொருளே நாற்றை நீளச் செய்கிறது என்று காட்டினார். ஆக்ஸின் என்று பெயர் பெற்ற அந்தப் பொருளைக் கொண்டு, 1933இல் கென்னத் திமன், ஃபோக் ஸ்கூக் ஆகிய இருவரும் கலிபோர்னியாவில் எளிமையான, ஆனால் மிக முக்கியமான ஒரு சோதனையைச் செய்தார்கள். அவரைக் குடும்பத்துச் செடி ஒன்றின் நுனியை வெட்டினார்கள்; பக்க மொட்டுகள் வளரத் தொடங்கின. வெட்டிய தண்டின் தலையில் ஆக்ஸினைத் தடவினார்கள். நுனி அங்கேயே இருப்பதைப் போல மொட்டுகள் அடங்கிவிட்டன. நுனியின் அதிகாரம் ஒரு வேதிப்பொருளாகக் கீழே இறங்கி வருகிறது என்பது அன்று உறுதியாயிற்று.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. நுனியில் உருவாகும் ஆக்ஸின் தண்டின் வழியே கீழ்நோக்கி மட்டும் செல்கிறது. பக்க மொட்டுக்குள் அது நுழைவதில்லை. உள்ளே போகாத பொருள் எப்படி உள்ளே இருக்கும் வளர்ச்சியை நிறுத்தும்? இதற்கான விடை இரண்டு துண்டுகளாகக் கிடைத்தது. முதல் துண்டு சைட்டோகைனின் என்னும் ஹார்மோன் குடும்பம். திமனோடு பணியாற்றிய அதே ஸ்கூக், பிற்பாடு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மில்லருடன் சேர்ந்து 1955இல் கண்டறிந்த கைனெட்டின் என்னும் பொருளிலிருந்து இந்தக் குடும்பம் அறிமுகமாயிற்று. வேரிலும் தண்டின் கணுக்களிலும் உருவாகும் சைட்டோகைனின் பக்க மொட்டை எழுப்பிவிடும். தண்டில் ஆக்ஸின் ஓடிக்கொண்டிருக்கும் வரை அதன் உற்பத்தி அடங்கியே இருக்கும். இரண்டாவது துண்டு ஸ்ட்ரைகோலாக்டோன். சோளக்காட்டில் சுடுமல்லி என்று உழவர்கள் வெறுக்கும் ஒட்டுண்ணிக் களையின் விதையை முளைக்க வைக்கும் பொருளாகத்தான் இது முதலில் அறியப்பட்டது. பயிரின் வேர் இதைக் கசிய விட, மண்ணில் உறங்கும் சுடுமல்லி விதை அதை உணர்ந்து முளைத்து வேரைப் பற்றிக்கொள்ளும். இதே பொருள் செடிக்குள் கிளைகளை அடக்கும் ஹார்மோனாகவும் வேலை செய்கிறது என்பதை 2008இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் வெளியிட்டன. ஆக்ஸின் இதன் உற்பத்தியைக் கூட்டுகிறது. மணிச்சத்து குறைந்த மண்ணிலும் இது கூடுகிறது. தேய்ந்துபோன தொட்டி மண்ணில் நிற்கும் செடியை எத்தனை முறை கிள்ளினாலும் அது தயங்கித் தயங்கியே கிளைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அப்படிப்பட்ட செடிக்குக் கத்தரிக்கோலுக்கு முன் எருவைக் கொடுப்பதே முறை.

இத்தனைக்குப் பிறகும் கணக்கு ஓரிடத்தில் உதைத்தது. ஆக்ஸின் தண்டில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. என்ற வேகத்தில்தான் இறங்குகிறது. நுனியிலிருந்து 40 செ.மீ. கீழே இருக்கும் மொட்டுக்கு, நுனி போய்விட்டது என்ற செய்தி ஆக்ஸின் குறைவதன் மூலமாகத்தான் தெரிய வேண்டும் என்றால், ஒன்றரை நாளுக்கு மேல் ஆக வேண்டும். ஆனால் பட்டாணிச் செடியில் மொட்டு அதற்கு வெகு முன்பே வளரத் தொடங்கிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கியது: முதல் செய்தியைக் கொண்டு செல்வது சர்க்கரை. வேகமாக வளரும் நுனி, இலைகள் சமைக்கும் சர்க்கரையில் பெரும்பங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் பக்க மொட்டுகள் பட்டினி கிடக்கின்றன. நுனி வெட்டப்பட்டதும் அந்தச் சர்க்கரை வெகுவிரைவில் தண்டெங்கும் பரவி மொட்டுகளை அடைகிறது, மொட்டு விழிக்கிறது. எழுந்த மொட்டு தொடர்ந்து நீண்டு கிளையாக நிலைப்பதை ஹார்மோன்கள் பார்த்துக்கொள்கின்றன. எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடித்தமானது. ஏனெனில், கிள்ளுவது, வளைப்பது, கவாத்து செய்வது என்று தோட்டத்தில் நாம் செய்யும் எல்லாமே சர்க்கரையின் போக்கை மாற்றுவதுதான் என்று இது சொல்லித் தருகிறது. கிள்ளும்போது எவ்வளவு இலையை விட்டு வைக்கிறோம் என்பது ஏன் முக்கியம் என்பதும் இதனால் புரிகிறது. நுனியில் விரற்கடை அளவு மட்டும் போனால் சமையலறை முழுதும் செடியிடமே இருக்கிறது. பாதிச் செடியை வெட்டினால், மொட்டுக்குப் போக வேண்டிய உணவையும் சேர்த்து வெட்டியவர் ஆகிறோம்.

வெட்டாமலே நுனியின் பிடியைத் தளர்த்தும் வழியும் உண்டு. நிமிர்ந்த தண்டைப் பக்கவாட்டில் சாய்த்துக் கட்டினால், நுனியின் வேகம் குறைந்து, சாய்ந்த தண்டின் மேற்புறத்தில் உள்ள மொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். அடர்ந்த இலைகளின் நிழலில் கிடந்த கணுக்களுக்கு வெளிச்சம் கிடைப்பதும் இதற்குத் துணை செய்கிறது. மாடியில் ஒரு ரோஜாச் செடியின் நீண்ட கொம்பை மாலையில் தொட்டி விளிம்போடு சேர்த்துக் கட்டிவிட்டு மறுநாள் காலையில் பார்த்தேன். கட்டிய இடத்துக்கு அப்பால் இருந்த விரல் நீள நுனி மட்டும் மறுபடி வானத்தை நோக்கித் திரும்பியிருந்தது. தண்டின் சில உயிரணுக்களில் உள்ள மாவுத்துகள்கள் எடையால் அடியில் படிந்து எது கீழ் என்று காட்ட, ஆக்ஸின் கீழ்ப்பக்கம் கூடி அந்தப் பக்கத்தை அதிகமாக நீளச் செய்ததால் நேர்ந்த திருப்பம் அது. ஆகவே வளைத்துக் கட்டுபவர் ஒருமுறை கட்டியதோடு விடாமல், நுனி நிமிர நிமிர மறுபடியும் சாய்த்துக் கட்ட வேண்டும். மூன்று வாரத்தில் அந்தக் கொம்பின் முதுகில் ஐந்து தளிர்கள் வரிசையாக நின்றன.

ஓசூரின் பசுமைக்குடில்களில் கொய்மலர் ரோஜா வளர்ப்போர் இதையே வேறொரு நோக்கத்தோடு செய்கிறார்கள். பூவுக்கு உதவாத மெலிந்த கொம்புகளை வெட்டி எறியாமல் அடியில் மடக்கிப் பாத்தியின் ஓரமாகப் படுக்க வைக்கிறார்கள். படுத்த கொம்பின் இலைகள் தொடர்ந்து சர்க்கரை சமைக்கின்றன. அதைக் குடித்து அடிப்பகுதியிலிருந்து தடித்த, நேரான புதுக் கொம்பு எழுகிறது. சந்தையில் விலை போவது அந்தக் கொம்பில் மலரும் பூதான்.

இனித் தேர்வுக்கு வருவோம். எந்த முறை என்று கேட்பதற்கு முன்னால், இந்தச் செடி எந்தக் கிளையில் பூக்கிறது என்று கேட்க வேண்டும். மல்லிகை, அந்த ஆண்டு புதிதாக வந்த தளிரின் நுனியில் பூக்கும் செடி. அதனால்தான் நவம்பர் கடைசி வாரத்தில் புதரைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்துக்கு ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். டிசம்பரில் அந்தத் தோட்டத்தைப் பார்க்கும் புதியவர் அது காய்ந்துபோய்விட்டது என்று நினைக்கக்கூடும். ஆனால் அந்தக் குச்சிகளின் ஒவ்வொரு கணுவும் ஒரு புதுத் தளிருக்கான இடம், ஒவ்வொரு தளிரும் மார்ச் மாதம் முதல் ஒரு பூங்கொத்துக்கான இடம். வீட்டில் மல்லிகை வளர்ப்போர் பலர் வெட்ட மனம் வராமல் விட்டுவிட்டு, இலை மட்டும் தழைக்கிறது, பூ இல்லை என்று வருந்துகிறார்கள். இந்த ஒரு செடிக்கு மட்டுமாவது இரக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கத்தரியைக் கையில் எடுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். செவ்வந்தியும் செண்டுமல்லியும் இப்படிப் புதுத் தளிரின் நுனியில் பூப்பவையே. நட்டு நான்கு வாரம் ஆனதும் நுனியைக் கிள்ளினால் ஒரு தலைக்குப் பதிலாகப் பல தலைகள் கிடைக்கும்.

சுரைக்கொடியின் கதை வேறு. அதன் தலைக்கொடியில் பெரும்பாலும் ஆண் பூக்களே வரும். பிஞ்சு தாங்கிய பெண் பூக்கள் பக்கக் கொடிகளில்தான் மிகுதி. பந்தலைத் தொட்டதும் தலைக்கொடியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கொடிகள் விரைந்து வந்து காய்ப்பு முன்கூட்டியே தொடங்குகிறது. மாடித்தோட்டக்காரர்கள் மூன்றாம் தலைமுறைக் கொடிவரை கிள்ளிக்கொண்டே போவதைத்தான் ‘3ஜி கட்டிங்’ என்கிறார்கள். தரையில் விரிந்த கொடிக்கு அது பொருந்தும். இருபது லிட்டர் வாளியில் வேர் அடைபட்டுக் கிடக்கும் கொடியில் இருபது பக்கக் கொடிகளை எழுப்பினால் பிஞ்சுகள் வெம்பி உதிரும். கொடி தாங்கும் காயின் எண்ணிக்கையை முடிவு செய்வது வேரும் இலையும்; நம் கிள்ளல் அதை மீற முடியாது.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைப் பந்தலில் எல்லா முறைகளையும் ஒரே கொடியில் பார்க்கலாம். இளங்கொடியின் பக்கத் தளிர்களை எல்லாம் களைந்து ஒற்றைத் தண்டாகப் பந்தல் உயரம்வரை ஏற்றுகிறார்கள்; அங்கே நுனியைக் கிள்ளி, எழும் இரண்டு கிளைகளை எதிரெதிர்த் திசைகளில் பந்தல் கம்பியின் மேல் படுக்க வைக்கிறார்கள்; படுத்த கிளைகளின் மேற்புறத்து மொட்டுகள் எழுந்து பந்தலை நிறைக்கின்றன. பிறகு ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பாகக் கவாத்து. படைவீரர்களின் அணிவகுப்புப் பயிற்சிக்கும் செடியை வெட்டி ஒழுங்குபடுத்துவதற்கும் தமிழில் கவாத்து என்ற ஒரே சொல் வழங்குவது அந்தப் பந்தலின் அடியில் நிற்கும்போது இயல்பாகவே படும்.

இந்த அறிவியலை இன்று மிகுந்த ஆர்வத்தோடு பயன்படுத்துவோரில் கனடா, ஜெர்மனி போன்ற நாடுகளில் வீட்டில் கஞ்சாச் செடி வளர்ப்போரும் அடங்குவர். கனடாவில் 2018இல் நடப்புக்கு வந்த சட்டம் ஒரு வீட்டுக்கு 4 செடிகளையும், ஜெர்மனியில் 2024இல் வந்த சட்டம் வயது வந்த ஒருவருக்கு 3 செடிகளையும் அனுமதிக்கின்றன. செடிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால், இருக்கும் செடியை அகலப்படுத்துவதில் அவர்கள் கவனம் செலுத்துகிறார்கள். அங்கும் தேர்வின் அடிப்படை காலம்தான்: பகலின் நீளம் குறைந்த பிறகே பூக்கும் வகைக்கு வெட்டுக்காயம் ஆறி மறுபடி வளர நாட்கள் இருக்கின்றன, விதைத்த சில வாரங்களில் தானாகவே பூத்துவிடும் வகைக்கு அந்த அவகாசம் இல்லாததால் வெட்டாமல் வளைப்பதே ஏற்றது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி அனுமதியின்றி அதை வளர்ப்பது குற்றம் என்பதால், நமக்கு இது தாவரவியல் எடுத்துக்காட்டு மட்டுமே.

தொடவே கூடாத செடிகளும் உள்ளன. தென்னைக்கும் பனைக்கும் பக்கத்தில் காத்திருக்கும் கிளைமொட்டு கிடையாது. உள்ளே பொதிந்த குருத்தின் வளர்முனை ஒன்றே அவற்றின் உயிர். காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்தால் பின்னால் விரியும் ஓலை விசிறி போல வெட்டுப்பட்டு வரும். வளர்முனையே அழிந்தால் மரம் போய்விடும்.

தக்காளியில் ஒரே பெயருக்குள் இரண்டு விதமான செடிகள் இருப்பதால் இங்கே தவறு நேர்வது எளிது. பசுமைக்குடிலில் கயிற்றில் ஏறும் வகை, நுனி ஓயாமல் வளர்ந்துகொண்டே போவது; அதன் பக்கத் தளிர்களை வாரந்தோறும் ஒடித்து ஒற்றைத் தண்டாக வைத்தால் சர்க்கரை முழுவதும் பழத்துக்குப் போகிறது. குத்துச்செடி வகையோ, சில கணுக்களுக்குப் பிறகு நுனியிலேயே பூங்கொத்தை வைத்துத் தன் வளர்ச்சியைத் தானே முடித்துக்கொள்வது. அதன் விளைச்சல் பக்கக் கிளைகளில்தான் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நான் இந்த வேறுபாட்டை அறியாமல் ஆறு குத்துச்செடிகளின் பக்கத் தளிர்களை எல்லாம் ஒழுங்காக ஒடித்துவிட்டேன்; ஒவ்வொன்றும் இரண்டே கொத்துப் பழத்தோடு நின்றுவிட்டது. இப்போது புதிய நாற்று வாங்கினால் அதன் நுனியில் அடுத்த இலை வருகிறதா, பூங்கொத்து வருகிறதா என்று பார்த்த பிறகே அதன் தளிரில் கை வைக்கிறேன்.